தனித்தாளா, பாடத்துக்குள்ளேயா: சமூக நீதியைக் கல்லூரியில் கற்பிக்கும் வழிகள்

பாளையங்கோட்டைக்கு அருகே ஒரு தன்னாட்சிக் கல்லூரியில் பொருளியல் கற்பிக்கிறேன். இளநிலைப் பாடத்திட்டத்தைத் திருத்தும் வேலை இப்போது நடந்துகொண்டிருக்கிறது. சமூக நீதியையும், எவரையும் ஒதுக்காத வகுப்பறையையும் மாணவர் அனைவருக்கும் எப்படிக் கொண்டுசேர்ப்பது என்று ஒவ்வொரு துறையும் எழுதித் தர வேண்டும் என்று பாடத்திட்டக் குழு கேட்டிருந்தது. (சுற்றறிக்கையில் ‘உள்ளடக்கம்’ என்று ஒரே சொல்லில் எழுதியிருந்தார்கள். அது பாடப்பொருளையும் குறிக்கும் என்பதால், எந்த உள்ளடக்கத்தைச் சொல்கிறார்கள் என்று தெளிவதிலேயே முதல் கூட்டத்தின் பாதி நேரம் போயிற்று.) கூட்டத்தில் பேசப்பட்ட வழிகள் மூன்று. பட்டப்படிப்பில் மதிப்புக் கல்வி இருக்கும் நான்காம் பகுதியில் (Part IV) எல்லாத் துறைக்கும் பொதுவாக ஒரு தனித்தாள் வைக்கலாம். தனித்தாள் இல்லாமல் ஒவ்வொரு துறையின் முதன்மைப் பாடங்களுக்குள்ளேயே இதைக் கலந்துவிடலாம். அல்லது வகுப்புக்கு வெளியே களப்பணியாகவும் முகாமாகவும் நடத்தலாம். நான்காவதாக ஒன்று உண்டு, அதை எந்தத் துறையும் எழுதித் தரவில்லை. பாடத்தை விட்டுவிட்டு, வகுப்பை நடத்தும் முறையைத் திருத்துவது அது.

நம் பக்கத்தில் இந்தக் கேள்வி ஏட்டளவில் நிற்பதில்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதியைச் சேர்ந்த பள்ளி மாணவர் ஒருவரையும் அவருடைய தங்கையையும் உடன்படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பின் தமிழக அரசு அமைத்த நீதியரசர் கே. சந்துருவின் ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளுக்குத் தடை, பள்ளிகளின் பெயரோடு ஒட்டியிருக்கும் சாதிப் பெயர்களை நீக்குதல் ஆகியவை அதன் பரிந்துரைகளில் இருந்தன. பரிந்துரைகளில் பெரும்பகுதி பள்ளிக்கூடங்களைப் பற்றியது என்றாலும், அன்று மேல்நிலை வகுப்புகளில் இருந்த பிள்ளைகள்தாம் இன்று எங்கள் வகுப்புகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். உட்காரும் இடத்தை அவர்களே முடிவுசெய்கிறார்கள். ஒரே பேருந்தில் வருகிறவர்கள் ஒரே பெஞ்சில் உட்காருகிறார்கள். ஒரே பேருந்து என்றால் ஒரே ஊர். சில ஊர்களில் ஏறும் நிறுத்தமும் தெருவைப் பொறுத்து மாறும். ஆகவே முதல் வாரம் முடிவதற்குள் ஊரின் வரைபடம் வகுப்புக்குள் வந்துவிடுகிறது, ஆசிரியர் கவனிக்காவிட்டால் மூன்றாண்டும் அது கலைவதில்லை.

தனித்தாளை முதலில் பார்ப்போம். பெரும்பாலோர் விரும்பியது அதைத்தான், அதற்குத் தக்க காரணமும் இருக்கிறது. வாரம் இரண்டு மணி நேரம், பருவத்துக்குத் தொண்ணூறு வேலைநாள் என்று வைத்துக்கொண்டால், ஆறுநாள் சுழற்சியில் முப்பது மணி நேரம் கிடைக்கும். அரசமைப்பின் 14 முதல் 17 வரையான உறுப்புகளையும், 1951இல், வகுப்புவாரி இட ஒதுக்கீட்டை எதிர்த்த சண்பகம் துரைராஜன் வழக்கின் தீர்ப்பை அடுத்து வந்த முதல் திருத்தம் 15(4) என்ற பிரிவைச் சேர்த்த வரலாற்றையும், தமிழ்நாட்டின் 69 விழுக்காடு இட ஒதுக்கீட்டுச் சட்டம் 76ஆவது திருத்தத்தின் மூலம் 1994இல் ஒன்பதாவது அட்டவணையில் இடம்பெற்றதையும், 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்று உயர்கல்வியில் 5 விழுக்காட்டுக்குக் குறையாத இடம் ஒதுக்கச் சொல்வதையும் அந்த நேரத்துக்குள் ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்துவிட முடியும். வேதியியல் மாணவருக்கும் வணிகவியல் மாணவருக்கும் ஒரே பாடம் போய்ச் சேரும், தேர்வு இருப்பதால் பாடம் நடந்தது என்பதற்குச் சான்றும் இருக்கும். இட ஒதுக்கீட்டைப் பற்றி வாட்ஸப்பில் வரும் அரைகுறைச் செய்திகளைத் தவிர வேறெதையும் படித்திராத பிள்ளைகளுக்கு இது சிறிய உதவி அன்று.

ஆனால் நான்காம் பகுதித் தாள்களுக்கு எங்கள் கல்லூரிகளில் நேர்வது என்ன என்பதை இருபதாண்டுகளாகப் பார்த்துவருகிறேன். எந்தத் துறைக்கும் சொந்தமில்லாத தாள் என்பதால், பணிப்பளுக் கணக்கில் மணி குறையும் ஆசிரியரின் தலையில் அது விழும். பெரும்பாலும் புதிதாக வந்த கௌரவ விரிவுரையாளர்தான் அவர். பிற்பகலின் கடைசி மணி அதற்கு ஒதுக்கப்படும். திசையன்விளைக்கோ ஆலங்குளத்துக்கோ போகும் பேருந்தைப் பிடிக்க வேண்டிய பிள்ளைகள் நாலேகாலுக்கே பையைத் தோளில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இரண்டாம் ஆண்டிலேயே நாற்பது பக்க நோட்ஸ் ஒன்று ஜெராக்ஸ் கடைக்கு வந்துவிடும், அதன்பின் பாடப்புத்தகத்தை யாரும் திறப்பதில்லை.

ஒருமுறை மதிப்புக் கல்வித் தேர்வுக்கு மேற்பார்வைக்குப் போயிருந்தேன். சமத்துவத்தைப் பற்றிய வினாவுக்கு ஒரு மாணவர் அழகான கையெழுத்தில் விடை எழுதிக்கொண்டிருந்தார். தமிழ்நாட்டுப் பாடநூல்களின் முதல் பக்கத்தில் அச்சாகியிருந்த ‘தீண்டாமை ஒரு பாவச்செயல், தீண்டாமை ஒரு பெருங்குற்றம், தீண்டாமை மனிதத்தன்மையற்ற செயல்’ என்ற மூன்று வரிகளைத்தான் முன்னுரையாக எழுதி அடிக்கோடிட்டிருந்தார். எழுதிய கையின் மணிக்கட்டில் இரண்டு வண்ணக் கயிறு. அவரிடம் எந்தக் கள்ளத்தனமும் இல்லை. பன்னிரண்டு ஆண்டுகள் எல்லாப் புத்தகத்திலும் அந்த வரிகளைப் பார்த்தவர், பரீட்சைக்கு உரியதைப் பரீட்சையில் வைத்தார், கைக்கு உரியதைக் கையில் கட்டியிருந்தார். இரண்டையும் ஒன்றோடொன்று மோதவிடும் தருணத்தைப் பாடம் அவருக்குத் தரவேயில்லை. தனித்தாளின் அடிப்படைக் குறை இதுதான் என்பது என் எண்ணம். நல்ல ஆசிரியர் கையில் இது நீங்கக்கூடும், ஆனால் நல்ல ஆசிரியருக்கு அந்தத் தாள் கிடைக்கும்படி யாரும் கால அட்டவணை போடுவதில்லை.

முதன்மைப் பாடங்களுக்குள் கலப்பது கடினமான வழி. பலன் கூடுதலாகத் தருவதும் அதுதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். மாணவர் மதிக்கும் பாடம் அவருடைய முதன்மைப் பாடம். வேலைக்கும் மேற்படிப்புக்கும் அந்த மதிப்பெண்தான் உதவும். அங்கே வரும் கணக்கை நோட்ஸ் வைத்துத் தாண்ட முடியாது.

எங்கள் துறையிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு. உழைப்புப் பொருளியலில் காலக்கூலி, துண்டுக்கூலி என்று ஒரு பகுதி வரும். பாடப்புத்தகத்தில் அதற்குத் தொழிற்சாலைதான் சான்று. மேலப்பாளையம், முக்கூடல், ஆலங்குளம், கடையம் பக்கங்களில் ஆயிரக்கணக்கான வீடுகளில் பெண்கள் மடியில் தட்டை வைத்துக்கொண்டு பீடி சுற்றுகிறார்கள், ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. பீடித் தொழிலாளருக்கென 1966இல் ஒரு சட்டமும் 1976இல் நலநிதிச் சட்டமும் வந்தன. இவற்றை வைத்து அந்தப் பகுதியை நடத்தலாம் என்று முதன்முறை தொடங்கியபோது, “யார் வீட்டில் அம்மா பீடி சுற்றுகிறார்கள்? கையைத் தூக்குங்கள்” என்று கேட்டேன். அறுபது பேர் இருந்த வகுப்பில் ஒரு கைகூட எழவில்லை. கேட்ட முறை தவறு என்பது எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். அடுத்த ஆண்டு யாரையும் எதுவும் கேட்காமல், ஒரு குடும்பத்தின் வாரக் கணக்கு என்று ஒரு தாளை அச்சடித்து எல்லாருக்கும் கொடுத்து, நாளொன்றுக்கான நிகரக் கூலியைக் கண்டுபிடிக்கச் சொன்னேன். சுற்றிய பீடி எவ்வளவு, கழிவு என்று கடையில் தள்ளியது எவ்வளவு, மிச்சத்துக்குக் கூலி எவ்வளவு என்று தாளில் இருந்தது. வகுப்பு முடிந்து நான் வெளியே வந்தபோது ஒரு மாணவி வராந்தாவில் காத்திருந்தாள். “சார், இலை வாங்குத காசக் கழிக்கவே இல்லயே” என்றாள். கொடுக்கும் இலை ஆயிரத்துக்குப் போதாமல் சொந்தக் காசில் இலை வாங்கிச் சேர்ப்பார்களாம். அதைக் கழித்தால்தான் கையில் நிற்கும் கூலி வரும். மறுநாள் அந்த ஒரு வரியைச் சேர்த்து வகுப்பே கணக்கைத் திரும்பப் போட்டது, யார் சொன்ன திருத்தம் என்பதை நான் சொல்லவில்லை. பாடப்புத்தகத்தில் இல்லாத ஒரு செலவினத்தைப் பொருளியல் வகுப்புக்கு அந்தப் பிள்ளை கொண்டுவந்தாள். எந்தத் தனித்தாளிலும் இது நடந்திருக்காது.

பிற துறைகளுக்கும் இப்படிப்பட்டவை உண்டு. தாவரவியலுக்கு, காரையாறு, சேர்வலாறு பக்கம் குடியிருக்கும் காணிப் பழங்குடியினரை விடப் பொருத்தமானது எது? அகத்தியமலையின் கேரளப் பக்கத்தில், 1987இல் ஆய்வாளர்களுக்கு வழிகாட்டிச் சென்ற காணிகள் களைப்புத் தெரியாமல் நடப்பதற்கு ஆரோக்கியப்பச்சை என்ற செடியின் பழத்தைத் தின்றதைப் பார்த்துத்தான், திருவனந்தபுரத்தின் வெப்பமண்டலத் தாவரவியல் தோட்டம் ‘ஜீவனி’ என்ற மருந்தை உருவாக்கியது. 1995இல் அதன் தயாரிப்பு உரிமம் ஒரு மருந்து நிறுவனத்துக்குத் தரப்பட்டபோது, உரிமத் தொகையான 10 லட்சம் ரூபாயில் பாதி காணிகளுக்கு என்று முடிவாகி, அதைப் பெற 1997இல் அவர்கள் பெயரில் அறக்கட்டளை அமைந்தது. செடியின் வகைப்பாட்டை நடத்தும் அதே மணியில், அறிவு யாருடையது, பங்கு யாருக்கு என்ற கேள்வியையும் வைத்துவிடலாம். கணிதத்துக்கு, பணியிடங்களை வரிசைப்படி ஒவ்வொரு பிரிவுக்கும் ஒதுக்கும் இட ஒதுக்கீட்டுச் சுழற்சி முறையே நல்ல கணக்கு. பிற்படுத்தப்பட்டோருக்கு 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5, மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கும் சீர்மரபினருக்கும் 20, பட்டியல் சாதியினருக்கு 18, பழங்குடியினருக்கு 1 என்று வரும்போது, நூறு இடத்தில் அரை இடங்கள் விழுகின்றன. இருநூறு இடச் சுழற்சியில் அவை 53, 7, 40, 36, 2 என்று முழு எண்ணாகி, பொதுப் பிரிவுக்கு 62 நிற்கும். ஆறு பணியிடம் மட்டும் உள்ள ஒரு துறையில் பழங்குடியினரின் முறை வருவதற்கு எத்தனை ஆண்டு ஆகும் என்று கணக்கிடச் சொன்னால், ‘ஒரு விழுக்காடு’ என்பதன் பொருள் மாணவருக்குத் தானாகவே புரியும்.

இயற்பியல் துறை நண்பர் ஒருவர், ஒளிவிலகலில் சமூக நீதியை எங்கே வைப்பது என்று கேட்டார். நியாயமான கேள்விதான். வலிந்து புகுத்தினால் மாணவர் சிரிப்பார்கள், சிரிப்பதும் சரியே. எல்லாத் தாளிலும் கலந்தே ஆக வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினால், ஒவ்வொரு அலகின் கடைசியிலும் ஒரு பொன்மொழி ஒட்டப்படும், அவ்வளவுதான். இந்த வழிக்கு வேறு இடர்களும் இருக்கின்றன. ஆசிரியருக்கு மனமில்லை என்றால் அந்தப் பகுதி ஓசையில்லாமல் கைவிடப்படும், தனித்தாளை அப்படிக் கைவிட முடியாது. போட்டித் தேர்வுப் பாடத்திட்டத்தைக் காட்டி, இதற்கெல்லாம் நேரமில்லை என்று மாணவரே சொல்வார்கள். பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டத்தை அப்படியே நடத்த வேண்டிய இணைவுக் கல்லூரிகளில், அகமதிப்பீட்டின் 25 மதிப்பெண்ணுக்குள் மட்டும்தான் ஆசிரியர் கை வைக்க முடியும்; மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கீழ் உள்ள பெரும்பாலான கல்லூரிகளின் நிலை அதுதான்.

களப்பணியைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். நாட்டு நலப்பணித் திட்டத்தில் இரண்டாண்டுக்கு 240 மணி நேரமும் ஏழு நாள் சிறப்பு முகாமும் ஏற்கெனவே இருக்கின்றன, ஆகவே புதிதாகச் செலவு ஒன்றும் இல்லை. ஆனால் முகாமுக்குத் தேர்ந்தெடுக்கும் ஊர் மாணவர் சிலருக்குச் சொந்த ஊராகவோ பக்கத்து ஊராகவோ இருந்துவிடும். தன் தெருவைக் கூடப்படிப்பவர்கள் ‘பார்வையிட’ வருவது எவருக்கும் இனிக்காது. பெண்பிள்ளைகளுக்கு ஏழு இரவு வெளியே தங்க வீட்டில் அனுமதி கிடைப்பதும் அரிது. எனக்குப் பயனுள்ளதாகத் தோன்றும் களம் பேருந்துப் பாதையிலேயே இருக்கிறது. திருநெல்வேலி ஜங்ஷனிலிருந்து பாளையங்கோட்டைக்கு வரும் பிள்ளைகள் தாமிரபரணியின் மேல் 1843இல் கட்டப்பட்ட சுலோச்சன முதலியார் பாலத்தைத் தினமும் கடக்கிறார்கள். 1999 ஜூலை 23ஆம் தேதி, மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் கூலிக்காகவும் கைதானவர்களின் விடுதலைக்காகவும் கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்துக்கு ஊர்வலமாகப் போனவர்களில் 17 பேர், காவல்துறையின் தடியடிக்குப் பின் அதே தாமிரபரணியில் உயிரிழந்தார்கள். அன்றைக்கு இவர்கள் பிறக்கவில்லை. ஒரு பிற்பகலும் பேருந்துப் பயண அட்டையும் இருந்தால் போதும், தோட்டக் குத்தகை, கூலி, காவல், நதி ஆகிய நான்கையும் அங்கே நின்றே பேசிவிடலாம். செப்டம்பர் 17ஆம் தேதி சமூக நீதி நாள் உறுதிமொழி, சிறப்புச் சொற்பொழிவு போன்றவற்றையும் சிலர் இந்த வழியில் சேர்த்திருந்தார்கள். அவற்றால் கேடில்லை, கற்பித்தல் என்ற கணக்கில் அவற்றைச் சேர்க்க முடியாது.

இனி, எவரும் எழுதித் தராத நான்காவது வழி. நூறாண்டுக்கு முன் நம் மாவட்டத்திலேயே நடந்த ஒன்று இதற்குத் தக்க சான்று. 1922இல் வ.வே.சு. ஐயர் தொடங்கிய சேரன்மாதேவிக் குருகுலம் தேசியக் கல்வி, தாய்மொழி, கைத்தொழில் என்று காலத்துக்கு முந்திய பாடத்திட்டத்தோடு நடந்தது. தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டியிலிருந்து 5,000 ரூபாயும் அதற்குப் போயிற்று. பிராமணச் சிறுவர் இருவருக்குத் தனியாகச் சாப்பாடு போட்டார்கள் என்ற செய்தி வெளியே வந்ததும், வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் எழுப்பிய எதிர்ப்பில் அந்த முயற்சியே குலைந்தது. அங்கே என்ன பாடம் நடந்தது என்று இன்று நினைவு வைத்திருப்பவர் அரியர், பந்தியை மட்டும் எல்லாரும் நினைவு வைத்திருக்கிறார்கள். வரலாற்றுத் துறை இதை முதன்மைப் பாடத்தில் நடத்தலாம். கல்லூரி இதைத் தன்மேல் வைத்துப் பார்க்கலாம்.

எங்கள் பந்திகள் என்னென்ன? நான் படித்த கல்லூரியில் உதவித்தொகைப் படிவம் வந்தால், எழுத்தர் வகுப்பு வாசலில் நின்று, “எஸ்.சி. ஸ்காலர்ஷிப் பிள்ளைங்க எல்லாம் எந்திரிங்க” என்பார். எழுந்து நின்றவர்களில் நானும் ஒருவன். அவர் கெட்டவர் அல்லர். பெயர் பெயராகத் தேடிப் போவதை விட அது எளிது, அவ்வளவே. இப்போது விண்ணப்பம் இணையவழியாகிவிட்டது, ஆனால் வங்கிக் கணக்கில் ஆதார் இணைக்காதவர்கள் என்று அதே பட்டியலை வகுப்பில் வாசிக்கும் வழக்கம் இன்னும் சில இடங்களில் போகவில்லை. ஆய்வகத்தில் இருவர் இருவராகச் சேரச் சொன்னால், பெஞ்சில் இருந்த ஊர் வரைபடம் சோதனைக் குழாய் வரைக்கும் வந்துவிடுகிறது. தமிழ்வழியில் படித்து வந்த பிள்ளை ஆங்கிலத்தில் கேள்வி கேட்கத் தயங்கி மூன்றாண்டும் வாய் திறக்காமல் இருந்துவிடுகிறது. பார்வையற்றோருக்கும் செவித்திறன் அற்றோருக்கும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே பள்ளி வைத்த ஊர் பாளையங்கோட்டை. அப்படிப்பட்ட பள்ளிகளிலிருந்து வரும் மாணவருக்குத் தேர்வில் ஒரு மணி நேரத்துக்கு 20 நிமிடம் கூடுதலாகத் தர வேண்டும் என்ற விதி உண்டு. வகுப்பில் கரும்பலகையைக் காட்டி, “இதை இதோடு கூட்டினால் இது” என்று பாடம் நடத்தும் எங்களுக்கோ, ‘இது’ எது என்பதை வாயால் சொல்ல வேண்டும் என்று எந்த விதியும் நினைவூட்டுவதில்லை.

இவற்றைத் திருத்தப் பாடத்திட்டக் குழுவின் அனுமதி வேண்டியதில்லை, பல்கலைக்கழகத்தின் ஒப்புதலும் வேண்டியதில்லை. இணைவுக் கல்லூரியில் இருப்பவரும் நாளைக்கே தொடங்கலாம். ஒளிவிலகலை நடத்துகிறவருக்கும் இதில் வேலை உண்டு. குறை ஒன்றே ஒன்று: பதிவேட்டில் காட்ட ஒன்றும் இருக்காது. கல்லூரிகளைத் தரமதிப்பிடும் நாக் (NAAC) குழு வரும்போது தனித்தாளின் பெயரைக் காட்டலாம், முகாமின் புகைப்படத்தைக் காட்டலாம். ஆய்வக இணைகளைக் குலுக்கல் முறையில் போட்டோம் என்பதைக் காட்டுவது கடினம். இந்த வழியை எந்தத் துறையும் எழுதித் தராததற்கு அதுவே காரணம் என்று எண்ணுகிறேன்.

நேரம், செலவு, பலன் மூன்றையும் வைத்துப் பார்த்தால், என் தெரிவு வகுப்பு நடைமுறையில் தொடங்கி முதன்மைப் பாடத்துக்குப் போகிறது. தனித்தாளை மூன்றாவதாகத்தான் வைப்பேன். அறிவியல் துறைகள் மட்டுமே உள்ள கல்லூரியாக இருந்தால் தனித்தாளை இரண்டாவதாக வைப்பேன், ஏனென்றால் சட்டத்தையும் வரலாற்றையும் சொல்ல அங்கே வேறு வாய்ப்பு இல்லை. தனித்தாள் வந்தே தீரும் என்றால், அதைக் கடைசி மணியில் போடக் கூடாது என்றும், பத்தாண்டு அனுபவம் உள்ளவரே நடத்த வேண்டும் என்றும், எழுத்துத் தேர்வுக்குப் பதிலாக ஒவ்வொரு மாணவரும் தன் துறையிலிருந்து ஒரு கணக்கையோ வழக்கையோ எடுத்து எழுதும் ஒப்படைப்பு இருக்க வேண்டும் என்றும் நிபந்தனை எழுதியிருக்கிறேன். எல்லாத் துறைக்கும் எல்லாத் தாளிலும் என்று கட்டாயப்படுத்தாமல், துறைக்கு இரண்டு தாளில் இரண்டு பகுதி என்று முதலாண்டுக்கு வரையறுத்திருக்கிறேன். எங்கள் துறையில் அவற்றில் ஒன்று துண்டுக்கூலி, இலைச் செலவோடு சேர்த்து.

என் தெரிவில் முதலாவதான வகுப்பு நடைமுறைக்கு மூன்றே வரி எழுதினேன். ஜூனில் சேர்க்கை முடிந்த வாரமே இருக்கைகளும் ஆய்வக இணைகளும் சீட்டுக் குலுக்கி முடிவாக வேண்டும், பருவம்தோறும் மறுபடி குலுக்க வேண்டும். பருவம்தோறும் மறுபடி குலுக்க வேண்டும். உதவித்தொகை பற்றிய எந்தப் பட்டியலும் வகுப்புக்குள் வாசிக்கப்படக் கூடாது, அவரவர் கைபேசிக்குச் செய்தி போக வேண்டும். கரும்பலகையில் எழுதுவது எதுவானாலும் வாயாலும் சொல்லப்பட வேண்டும். மூன்றாவது வரிக்கு எதிர்ப்பு எதுவும் வரவில்லை. முதல் வரிக்கு, ஒரே ஊர்ப் பிள்ளைகளைப் பிரித்தால் பெற்றோர் வந்து கேட்பார்கள் என்று இரண்டு துறைத் தலைவர்கள் எழுத்தில் ஆட்சேபம் தெரிவித்திருக்கிறார்கள். அடுத்த கூட்டத்தில் அதுதான் முதல் பொருள்.